வாயில்லாத வாளி

கதை டீச்சரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைக் கேட்டாலும் கதையாகத்தான் சொல்வாள். பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து சாக்பீஸ் இருக்கிறதா என்று கேட்டால்கூட, "ஒரே ஒரு அலமாரியில ஒரே ஒரு டப்பா இருந்துச்சாம்" என்று ஆரம்பித்துவிடுவாள். கேட்டவர் தலையில் அடித்துக்கொண்டு கடைக்குப் போய் வாங்கிக்கொள்வார். ஆனால் அவளுடைய வகுப்பில் அந்தப் பழக்கம்தான் சோறு போட்டது.

அது அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகள் படிக்கும் பள்ளி. மற்ற பிள்ளைகள் போகிற போக்கில் பிடித்துக்கொள்ளும் விஷயங்களை இங்கே உட்கார வைத்து, கையில் கொடுத்து, திரும்பத் திரும்பச் சொல்லித்தர வேண்டும். சூடு. ஈரம். என்னுடையது, உன்னுடையது. அப்புறம். இந்த 'அப்புறம்' என்ற ஒன்றுக்கே ஒரு பருவம் ஓடிவிடும். லேசுப்பட்ட விஷயம் என்று நினைக்கிறவர்கள், வழியில் போகும் பெரிய மனிதர் ஒருவரை நிறுத்தி, அப்புறம் என்றால் என்ன என்று கேட்டுப் பார்க்கட்டும். திருதிருவென்று விழிப்பார்.

கதை டீச்சரின் கதைகளில் ராஜா கிடையாது, பறக்கும் குதிரை கிடையாது. வகுப்பில் இருக்கும் ஒரு பிள்ளையைப் போலவே ஒரு பிள்ளை இருக்கும். அதே பை, அதே தண்ணீர்ப் புட்டி, அதே அறுந்த செருப்பு. கூடவே பேசும் சாமான் ஒன்றும் கட்டாயம் இருக்கும். சூடு சொல்லித்தந்த கதையில் இஸ்திரிப் பெட்டி பேசியது. அப்புறம் சொல்லித்தந்த கதையில் கடிகாரம் பேசியது. பிள்ளைகளின் கதை என்றால் சாமான்கள் பேசத்தானே செய்யும்? அவள் அதைப் பற்றி ஒரு நாளும் இரண்டாவது முறை யோசித்ததில்லை. அதுதான் பின்னால் அவள் காலை வாரியது.

வகுப்பில் சிங்கம் என்று ஒரு பையன். அப்பா செல்லமாக வைத்த பட்டம், பள்ளியிலும் ஒட்டிக்கொண்டது. ஒன்பது வயதுக்கு நல்ல வாட்டசாட்டம். அவனிடம் அன்புக்குப் பஞ்சமே இல்லை, நிறுத்தத்தான் தெரியாது. டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் மேசை நனைந்து தரை நனையும் வரை ஊற்றுவான். பசை எடுத்தால் குப்பி காலியாகும் வரை பிதுக்குவான். இதெல்லாம் துடைத்துவிட்டால் போச்சு. ஆனால் யாரையாவது பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டால் அவ்வளவுதான், இரும்புப் பிடி. வகுப்பில் உதவிக்கு இருக்கும் ஆயாம்மாவின் மூக்குக்கண்ணாடி அந்த அன்பில்தான் உடைந்தது. வேன் ஓட்டுநர் காலையில் வணக்கம் வைப்பதையே எட்டி நின்றுதான் வைப்பார்.

பருவத் தொடக்கத்தில் சிங்கத்தின் அப்பா வந்தார். கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி வெட்டித் தருகிற தொழில். எதையும் ஓரமாகப் பிடித்துப் பழகிய கை என்பதால், நாற்காலியைக்கூட விளிம்பைத் தொட்டுத்தான் இழுத்துப் போட்டார்.

"சுத்தி வளைக்காம சொல்லிடறேன் டீச்சர். வீட்ல ரெண்டாவது குழந்தை வரப்போகுது. வெளியூர்ல தங்கிப் படிக்கிற ஸ்கூல் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். இவனுக்கு இடம் தர்றோம்னு சொல்லிட்டாங்க."

"எதுக்கு?"

"எதுக்கா? இவன் அந்தக் குழந்தைய ஆசையா ஒரு தடவ கட்டிப்பிடிச்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. நான் நாள் முழுக்க கண்ணாடிக்கு நடுவுல நிக்கிறவன். ஆனா இத நெனச்சாத்தான் எனக்கு ராத்திரி தூக்கமே வரல."

"அவங்க அம்மா என்ன சொல்றாங்க?"

"அழறா. அனுப்பாதீங்கன்னும் அழறா, பயமா இருக்குன்னும் அழறா. நான் எந்த அழுகைக்குப் பதில் சொல்றது?"

கதை டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த மனிதர் மீது இல்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. வீட்டை விட்டு, அம்மாவை விட்டு, எதற்காக என்று புரியாமலே அந்தப் பையன் ஏதோ தெரியாத ஊரில் ஒரு கட்டிலில் படுத்துக் கிடப்பதை நினைத்துப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"குழந்தை வீட்டுக்கு வர்றதுக்குள்ள, போதும்னா என்னன்னு உங்க பையனுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

"தெரியலன்னா?"

"தெரியும்."

"சரி டீச்சர். அதுவரைக்கும் பொறுத்துக்கறேன். அதுக்கு மேல என்னால முடியாது" என்று எழுந்தார்.

அன்று மதியமே ஒரு சிவப்பு வாளி வகுப்புக்கு வந்தது. குழாயடிக் கதை பிறந்தது. ஒரு வீட்டில் ஒரு வாளி. அந்த வீட்டில் ஒரு பையன், பெயர் குட்டிச் சிங்கம். (சிங்கம் இதைக் கேட்டதும் நெஞ்சைத் தட்டி "நான்! நான்!" என்றான்.) குட்டிச் சிங்கம் குழாயைத் திறக்கிறான். தண்ணீர் வாளியின் வயிற்றுக்கு வருகிறது, நெஞ்சுக்கு வருகிறது, கழுத்துக்கு வருகிறது. அப்போது வாளி கட்டைக் குரலில் கத்துகிறது: "போதும்ப்பா, போதும்!"

அந்தக் கட்டைக் குரலுக்குப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுபடி சொல்லு என்றார்கள். அவள் சொன்னாள். தொண்டை கட்டும் வரை சொன்னாள். பிறகு கதையைக் குழாயடிக்கே கொண்டுபோனாள். நிஜத் தண்ணீர், நிஜ வாளி. அவள் குரல் கொடுத்ததும் சிங்கம் டக்கென்று குழாயை மூடினான். அடுத்து டம்ளர் பேசியது, பசைக் குப்பி பேசியது, வண்ணப் பெட்டி பேசியது. வகுப்பில் எந்தப் பக்கம் திரும்பினாலும் போதும் போதும் என்று ஒரே கூச்சல். ஆயாம்மா துடைப்பமும் கையுமாக நின்று, "எனக்கும் போதும் டீச்சர், யாரும் கேக்கத்தான் மாட்டேங்கறீங்க" என்றார்.

கடைசியில் கட்டிப்பிடித்தலுக்கு வந்தார்கள். சிங்கம் ஆயாம்மாவைக் கட்டிக்கொண்டான். ஆயாம்மா புது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பத்திரமாகக் கையில் வைத்துக்கொண்டு, வாளிக் குரலில் "போதும்ப்பா, போதும்" என்றார். சிங்கம் கையை எடுத்தான். எடுத்துவிட்டு, வாளியை நிறைத்தவனைப் போலப் பெருமையாகப் பார்த்தான். அன்று கதை டீச்சருக்குத் தரையில் கால் பாவவில்லை.

சிங்கத்தின் அப்பா மறுபடி வந்தது அதற்கடுத்த வாரம். கையில் சாக்லெட் பெட்டி, முகமெல்லாம் சிரிப்பு.

"பொண்ணு பொறந்திருக்கா, டீச்சர்! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

"நல்ல நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க. உக்காருங்க, உங்க பையன் என்ன செய்றான்னு பாருங்க" என்றாள் கதை டீச்சர். கொஞ்சம் அதிகமாகவே அலட்டிக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். வாளியைக் காட்டினாள், டம்ளரைக் காட்டினாள், ஆயாம்மாவைக் காட்டினாள். எல்லாம் பிசகில்லாமல் நடந்தது. அப்பாவின் கண்கள் விரிந்தன. சற்று யோசித்துவிட்டு, "கொழந்த மாதிரி ஏதாவது இருக்கா டீச்சர்? அதையும் பாத்துட்டா மனசுக்கு நிம்மதியா இருக்கும்" என்றார்.

அலமாரியில் ஒரு துணிப் பொம்மை இருந்தது. சிங்கம் அதை வாங்கி மார்போடு அணைத்தான். முதலில் மெதுவாகத்தான். பிறகு இறுக்கினான். இன்னும் இறுக்கினான். காதைப் பொம்மையின் வாயருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டு, வாளி எப்போது கத்தும் என்று காத்திருப்பவனைப் போலவே காத்திருந்தான். கதை டீச்சர் வாய் வரை வந்த "போதும்" என்ற சொல்லை விழுங்கினாள். வீட்டில் இதைச் சொல்ல அவளா இருக்கப்போகிறாள்? பொம்மையின் விலாவில் தையல் பிரிந்தது. பஞ்சு வெளியே வந்தது.

சிங்கம் பஞ்சைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். "சொல்லல" என்றான். "பொம்ம சொல்லல."

அப்பா குனிந்து பஞ்சைப் பொறுக்கி மேசையில் வைத்தார்.

"என் பொண்ணும் சொல்ல மாட்டா, டீச்சர்" என்றார் அப்பா. குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "வெள்ளிக்கிழம அவங்கள வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றோம். திங்கக்கிழம இவனக் கொண்டுபோய் விட்டுடறேன். நீங்க பட்ட பாட்ட நான் மறக்க மாட்டேன்." சாக்லெட் பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பிள்ளைகள் அதைச் சுற்றி வந்தார்கள். அவளுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பள்ளி விட்ட பிறகும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. ஆயாம்மா ஓரமாக உட்கார்ந்து பொம்மைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். கதை டீச்சர் காலி வாளியை முன்னால் வைத்துக்கொண்டு அதை முறைத்தாள். சிங்கம் தப்பே செய்யவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தான். வாளி கத்தும், அப்போது நிறுத்து என்று சொல்லிக் கொடுத்தாள், அவன் நிறுத்தினான். கத்தாதது எதுவோ, அது நிறையவில்லை என்றுதானே அர்த்தம்? அவள் சொல்லித்தந்தது போதும் என்பதை இல்லை. கட்டைக் குரலைச் சொல்லித்தந்திருக்கிறாள். உலகத்தில் வாளிக்கு வாய் கிடையாது. கதை சொல்கிறவளுக்கு ஆசை, ஒட்டவைத்துவிட்டாள்.

"நான் ஒரு மண்டு" என்று வாய்விட்டே சொன்னாள்.

"எல்லாரும் ஒரு நாளு அப்படித்தான்" என்றார் ஆயாம்மா நூலைக் கடித்துக்கொண்டே. "இந்தப் பொம்மைக்குக் கொஞ்சம் பஞ்சு குடுங்க."

வெள்ளிக்கிழமை வர அதிக நாள் இல்லை. ஆனால் கதை டீச்சர் அழுதுகொண்டு உட்காரும் ரகம் இல்லை. மறுநாள் காலை வாளியைத் தூக்கி வகுப்பின் நடுவே வைத்தாள்.

"இன்னைக்கு வாளிக்கு வாய் இல்ல" என்றாள்.

இரட்டைப் பின்னல்காரி ஒருத்தி உடனே எழுந்தாள். "ஏன்? ஊமையா?"

"ஆமா."

"பாவம்" என்றாள் அவள். "அப்ப எப்படிச் சொல்லும்?"

"அதத்தான் நாம கண்டுபிடிக்கணும்."

குழாயைத் திறந்தார்கள். கதை முழுக்கச் சொன்னாள், கட்டைக் குரலைத் தவிர. தண்ணீர் கழுத்துக்கு வந்தது. சிங்கம் வாளியைப் பார்க்கவில்லை, அவள் வாயைப் பார்த்தான். தண்ணீர் வழிந்து அவன் காலை நனைத்தது. அவனுக்குக் கோபம் வந்து வாளியை உதைத்தான். மறுபடி வைத்தார்கள். அன்று மாலை வரைக்கும் அதே கதைதான். இரட்டைப் பின்னல்காரி பிடித்துவிட்டாள். "விளிம்புல தண்ணி ஆடுது டீச்சர், அதான் சொல்லுது!" என்று குதித்தாள். சிங்கம் பிடிக்கவில்லை. அவன் காது மட்டும் கூர்மையாகக் காத்துக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் அவள் வாளியை ஓரங்கட்டினாள். வெளியே தேடி இவனுக்கு வரப்போவதில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சிங்கம், இன்னைக்குக் கதையில நீதான் வாளி. வாளிக்கு வாய் இல்ல. ஆயாம்மா உன்னக் கட்டிப்பிடிப்பாங்க. சரியா?"

சிங்கம் தலையாட்டினான். தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டான். ஆயாம்மா அணைத்தார். அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஆயாம்மா விடவில்லை. சிரிப்பு போய் உடம்பு நெளிந்தது. முகம் ஒரு பக்கம் திரும்பியது. வாயைப் பொத்தாத இன்னொரு கை நீண்டு, விரல்கள் ஐந்தும் விசிறி போல விரிந்து நின்றன.

"விட்டுடுங்க ஆயாம்மா" என்று கதை டீச்சர் பாய்ந்து வந்து அந்தக் கையை விரிந்தபடியே பிடித்துக்கொண்டாள். "பாரு சிங்கம். இத யாரு பண்ணினது?"

சிங்கம் தன் விரல்களைப் பார்த்தான். அவை தன்னுடையவைதானா என்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"உன் விரல் என்ன சொல்லுச்சு?"

அவன் வெகுநேரம் யோசித்தான். அவள் அவசரப்படுத்தவில்லை. இந்த வேலையில் பாதிக்கு மேல் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான். எல்லா டீச்சர்களுக்கும் அது வராது, அவளுக்கே சிரமம்தான்.

"போதும்" என்றான் சிங்கம். அவள் சொல்லித்தந்த கட்டைக் குரலில் இல்லை, தன் சொந்தக் குரலில் சொன்னான்.

அதற்கப்புறம் வகுப்பில் ஒரே விரல் வேட்டை. யார் யாரைப் பிடித்தாலும் கை விரிகிறதா, முகம் திரும்புகிறதா, தோள் ஏறுகிறதா என்று பார்ப்பதே கதையாகிவிட்டது. ஆயாம்மாவுக்கு விரலே தேவையில்லை, வலது புருவம் ஏறினால் போதும் என்று இரட்டைப் பின்னல்காரி கண்டுபிடித்தாள். சிங்கமும் இரண்டு முறை தானாகக் கையை எடுத்தான். மூன்றாவது முறை எடுக்கவில்லை. இது போதுமா என்று கதை டீச்சருக்கே சந்தேகம்தான். ஆனாலும் வியாழக்கிழமை சிங்கத்தின் அம்மாவுக்குப் போன் செய்து, நாளைக்கு வீட்டுக்கு வரலாமா என்று கேட்டாள்.

"வாங்க டீச்சர்" என்றாள் அம்மா. "வந்து பக்கத்துல நில்லுங்க. அது போதும்."

வீடு கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கடையில் சுவரோரம் பெரிய பெரிய கண்ணாடிகள், நடுவில் காகிதம் கொடுத்துச் சாய்த்து வைத்திருந்தார்கள். படி ஏறும்போதே மேலே சந்தை இரைச்சல் கேட்டது. அத்தை, சித்தி, மாமா என்று ஒரு கூட்டமே வந்திருந்தது. ஆளாளுக்குக் குழந்தையைத் தூக்க வேண்டும், ஆளாளுக்கு மூக்கு யாரைப் போல என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். அம்மா கட்டில் ஓரத்தில் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

சிங்கம் அறையின் மூலையில் நாற்காலியில் இருந்தான். அப்பா அவன் மணிக்கட்டைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றார். குழந்தை வீட்டுக்குள் வந்ததிலிருந்து அந்தப் பிடியை விடவில்லை போலிருக்கிறது. டீச்சரைக் கண்டதும் ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான். கதவருகே கட்டி வைத்த ஒரு புதுப் பெட்டி தெரிந்தது. அவள் அதைப் பார்க்காதது போல உள்ளே வந்தாள்.

குழந்தை மாமாவிடமிருந்து சித்திக்குப் போனது, சித்தியிடமிருந்து அத்தைக்குப் போனது. அத்தை கன்னத்தைக் கிள்ளினாள், தாடையை ஆட்டினாள், முகத்தருகே முகத்தைக் கொண்டுபோய்க் கொஞ்சினாள். குழந்தைக்கு விக்கல் எடுத்தது. தலை ஒரு பக்கம் திரும்பியது. போர்வையிலிருந்து ஒரு கை வெளியே வந்து, இத்தனூண்டு விரல்கள் ஐந்தும் விரிந்து நின்றன.

"பாருங்க, பாருங்க! அத்தைக்கு டாட்டா காட்டறா!" என்றாள் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள்.

"போதும்" என்றான் சிங்கம்.

இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. கதை டீச்சர் காதில் மட்டும் விழுந்தது. வாயைத் திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

சிங்கம் எழுந்துவிட்டான். "போதும்! பாப்பா விரல்! போதும்!"

அப்பா அவனை இழுத்துப் பிடித்தார். அத்தை பயந்து குழந்தையை மார்போடு இன்னும் இறுக்கிக்கொண்டாள். குழந்தை வீறிட்டது.

"அவன் எங்க தொட்டான்? அங்கயே நின்னுதான சொல்றான்" என்றாள் அம்மா. கட்டிலை விட்டு இறங்கி வந்தாள். "அண்ணி, அவளப் பாருங்க. கைய எப்படி விரிச்சு வெச்சிருக்கா. குடுங்க இப்படி."

குழந்தை அம்மாவிடம் போனது. கன்னத்தை யாரும் கிள்ளவில்லை, யாரும் ஆட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் விக்கல் அடங்கியது. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கிப் போர்வைக்குள் போயின. சிங்கம் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பெரிய மூச்சு ஒன்று விட்டான்.

அப்பாவின் பிடி மட்டும் அப்படியே இருந்தது. சிங்கம் திரும்பினான். அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அகப்பட்டிருந்த தன் கையை அவர் முகத்துக்கு நேரே தூக்கினான். விரல்கள் ஐந்தும் விரிந்திருந்தன.

அப்பா அந்தக் கையைப் பார்த்தார். மணிக்கட்டைச் சுற்றிச் சிவந்து கிடந்த தடத்தைப் பார்த்தார். சட்டென்று விட்டுவிட்டார்.

"வலிச்சுதாடா?" என்றார். "சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னான்" என்றாள் கதை டீச்சர். இனிமேல் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. "இப்பத்தான் உங்களுக்குக் கேட்டிருக்கு."

அப்பா கதவருகே இருந்த பெட்டியைக் காலால் உள்ளே தள்ளிவிட்டார். "திங்கக்கிழம வேன் வழக்கமான நேரத்துக்கே வரட்டும் டீச்சர்" என்றார். அம்மா குழந்தையின் தலைக்கு மேல் குனிந்து அழுதாள். இந்த முறை அது எந்த அழுகை என்று யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

பிறகு அப்பா மண்டியிட்டு மகனைக் கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்டு விடவே இல்லை. அத்தை டீ வைக்கப் போனாள், மாமா ஜன்னலைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார், அவர் இன்னும் விடவில்லை. கதை டீச்சர் பழக்கதோஷத்தில் சிங்கத்தின் விரல்களைப் பார்த்தாள். அவை விரியவில்லை. அப்பாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டிருந்தன.